லெமினேட் செய்த புலி

'பீப்' என்றது மீட்டர். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருந்தது வெறும் பென்சில்.

அப்பா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் மின்சாரப் பிரிவில் இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார். அவர் தூங்கும் நேரம்தான் எனக்கு ஆராய்ச்சி நேரம். அவருடைய மீட்டரில் சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. ஒரு பொருளின் இரண்டு பக்கமும் அவற்றை வைக்க வேண்டும், உள்ளே மின்சாரம் சுலபமாகப் போனால் 'பீப்' என்று கத்தும். கரண்டி கத்தியது. வீட்டுச் சாவி கத்தியது. சீப்பு கத்தவில்லை, பிஸ்கட் கத்தவில்லை. அப்பாவின் கால் கட்டைவிரலில் வைத்தேன். மீட்டர் பேசாமல் இருந்தது, அப்பாதான் "ஏய்!" என்று கத்தினார்.

அப்போது நான் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. கட்டத்தைக் கறுப்பாக்கி விடை எழுதும் தேர்வுக்கு 2B பென்சில்தான் கொண்டுபோக வேண்டும். முனை உடைந்தால் நேரம் போய்விடும் என்பதால் எங்கள் வகுப்பில் எல்லோரும் இரண்டு பக்கமும் சீவி வைத்திருப்போம். அப்படிச் சீவிய பென்சில்தான் மேசைமேல் கிடந்தது. ஒரு முனையில் சிவப்பு, மறுமுனையில் கறுப்பு. பீப்!

மரக்குச்சி எப்படிக் கத்தும்? நடுவில் இருக்கும் கறுப்புதான் கத்துகிறது. அப்படியானால் அந்தக் கறுப்பைத் தாளில் தேய்த்தால்? பழைய பயிற்சித் தாளில் தடிமனாக ஒரு கோடு இழுத்து மீட்டரை வைத்தேன். சத்தமில்லை. மீட்டரின் திருகியைத் திருப்பி வேறு அளவில் வைத்ததும் திரையில் எண்கள் ஓடின. கோட்டுக்குள் ஏதோ போகிறது, கஷ்டப்பட்டுப் போகிறது!

வயரே வேண்டாம், கோடு போட்டால் போதும். இந்த எண்ணம் வந்ததும் செருப்புகூடப் போடாமல் அடுத்த லோரோங் சந்தில் இருந்த தர்ஷினி வீட்டுக்கு ஓடினேன். அவள் என் வகுப்புத் தோழி. பள்ளி அறிவியல் விழாவில் எங்கள் குழுவில் நாங்கள் இரண்டே பேர்தான், இரண்டு வாரமாக எங்களிடம் ஒரு யோசனையும் இல்லை.

விழாவில் முதலிடம் பிடிக்கும் குழு ஜொகூர் பாருவுக்கு, மாநில அளவிலான போட்டிக்குப் போகும். எனக்கு அது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு என்று தர்ஷினியோடு சண்டை போட்டு அதில் ஜெயித்தும் விட்டேன்.

பெரிய தாளில் ஒரு புலி வரைந்தோம். அதன் முதுகில் நீளமான இரண்டு கறுப்பு வரிகள், 2B பென்சிலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தவை. வாலருகே சதுர பேட்டரி, கண்ணில் சிவப்பு எல்.இ.டி. பேட்டரியில் நேராக வைத்த இரண்டு பல்புகள் கருகிய பிறகு, வரியில் மாட்டிய மூன்றாவது பிழைத்துக்கொண்டது. வயர் இல்லாமல், வரி வழியாகவே புலியின் கண் எரிந்தது. தர்ஷினி "அலமாக்!" என்றாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. மலிவு விற்பனையில் அவர் வாங்கிய லெமினேட்டிங் இயந்திரம் ஒன்று வீட்டில் இருந்தது. அது வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் பத்திரமில்லை, அல்லது எல்லாக் காகிதமும் ரொம்பப் பத்திரம். அப்பாவின் ஷிப்ட் அட்டவணை, சாமி படங்கள், கேக் செய்முறை, நான் ஒன்றாம் ஆண்டில் கிறுக்கிய யானை, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சட்டை. ஒருமுறை வேப்பிலைக்கும் போட்டார்.

விழாவுக்கு முதல் நாள் மாலை அத்தை வானத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு மழ பிடிக்கும்டி. மோட்டார்லதான் போறோம். தாளு நனைஞ்சா உன் புலி பூனையாயிரும்."

இயந்திரம் சூடாகும் வாசனை வந்தது. ஒரு பக்கம் நுழைந்த புலி மறுபக்கம் பளபளவென்று வெளியே வந்தது. நான் குதித்தேன். "கடையில வாங்கின மாரியே இருக்கு அத்தை!" என்று அவரைக் கட்டிக்கொண்டேன். கண்ணுக்குக் கத்தரிக்கோலால் ஓர் ஓட்டை போட்டு எல்.இ.டியைச் செருகிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். இதை நான் மறைக்கவில்லை. பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மோட்டார் சைக்கிளில் போன அத்தையும் நானும் தெப்பமாக நனைந்தோம், புலிமேல் ஒரு சொட்டு இல்லை. "பாத்தியா?" என்றார் அத்தை.

பள்ளி மண்டபத்தில் தர்ஷினி காத்திருந்தாள். பேட்டரியை மாட்டினோம். கண் எரியவில்லை. திருப்பி மாட்டினோம். எரியவில்லை.

"பேட்டரி செத்துப்போச்சு லா," என்றாள் தர்ஷினி.

நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுள்ளென்றது. நன்றாக உயிரோடுதான் இருந்தது. வேறு எல்.இ.டி, வேறு கிளிப். ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்த மீட்டரைப் புலியின் வரிமேல் வைத்தேன், எண்கள் ஓடவில்லை. மீட்டரின் முனை பளபளப்பின்மேல் வழுக்கியது. அப்போதுதான் புரிந்தது. நான் தொட்டுக்கொண்டிருந்தது வரியை அல்ல, அதன் மேலிருந்த பிளாஸ்டிக்கை. சீப்பு கத்தாது என்று கண்டுபிடித்த அதே விஞ்ஞானிக்கு இது தெரியாமல் போயிருந்தது.

"உங்கள யாரு அத்தை லெமினேட் பண்ணச் சொன்னா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அத்தையின் முகம் சுருங்கிப் போனது, ஆனால் ஒரு நொடிதான்.

"நீதானடி நேத்து குதிச்சே! கட்டிப் பிடிச்சே!"

"பிரிச்சிருவோம்," என்று தர்ஷினி ஓரத்தைக் கத்தரித்து இழுத்தாள். புலியின் வரிகள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தன. வாலும் கூடவே வந்துவிட்டது.

நடுவர் அதற்குள் மூன்றாவது மேசைக்கு வந்துவிட்டார். எங்களுடையது ஐந்தாவது. அவர் ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியை, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பஸ், ஜன்னல், ஜொகூர் பாரு எல்லாம் மங்கலாகிக்கொண்டிருந்தன.

அத்தை, நாங்கள் சாமான்கள் கொண்டுவந்த சப்பாத்துப் பெட்டியின் அட்டை மூடியை உருவி மேசைமேல் போட்டார்.

"இதுல கிறுக்குங்க."

"நேரம் பத்தாது அத்தை! ரெண்டு வரிக்கு அரை மணி நேரம் ஆச்சு!"

"மூணு பேரு கிறுக்குனா? பேச்சு குறைச்சி கையில காட்டு."

மூன்று பேரும் கிறுக்கினோம். பக்கத்து மேசையில் எரிமலை செய்திருந்த பையன்கள் இரண்டு பென்சில் கொடுத்தார்கள், அத்தை கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு தேய்த்தார். வரி ஒழுங்காக வரவில்லை, ஆனால் கறுப்பாக வந்தது. தர்ஷினி கண்ணுக்கு ஓட்டை போட்டாள். நான் பேட்டரியை மாட்டியபோது நடுவரின் நிழல் மூடிமேல் விழுந்தது.

"இது என்னம்மா?"

"புலி, டீச்சர்," என்றேன்.

அவர் பெட்டி மூடியை ஒருமுறை, எங்களை ஒருமுறை பார்த்தார்.

"மழையில நனைஞ்சு எளைச்சுப்போன புலி டீச்சர்," என்றார் அத்தை.

"கண்ணு எரியுதா?"

எரிந்தது. ஆனால் மண்டபத்தில் அத்தனை விளக்குகள், அத்தனை வெளிச்சம். அவசரக் கோட்டின் வழியாக வந்த மின்சாரத்துக்கு அவ்வளவுதான் தெம்பு. நடுவர் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், ஒன்றும் தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். அடுத்த மேசைப் பக்கம் அவர் கால் திரும்பியதை நான் பார்த்தேன்.

அத்தை தோளிலிருந்த ஈரத் துப்பட்டாவை உருவி நடுவரின் தலைமேல் போட்டார்! கூடவே என் தலைமேலும். உள்ளே ஒரே இருட்டு, மழை வாசனை. இருட்டுக்கு நடுவில் ஊதுபத்தி முனை மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி.

"அட!" என்றார் நடுவர்.

அந்த 'அட'வைக் கேட்டதும் எனக்கு பஸ் கிளம்பிவிட்டது. துப்பட்டாவுக்குள்ளேயே அவர் மெதுவாகக் கேட்டார்:

"பேட்டரிய மாட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கோட்டுக்குள்ள என்னம்மா இருந்திச்சு?"

இது ஒரு கேள்வியா? பளிச்சென்று சொன்னேன்: "ஒன்னும் இல்ல டீச்சர். வெறும் கோடு. கரண்டு பேட்டரியிலேருந்து வந்து, கோட்டுல பூந்து, பல்புக்குப் போவுது."

அவர் சிரித்தார். வெளியே வந்து ஏதோ எழுதினார்.

எங்களுக்கு இரண்டாமிடம். எரிமலைப் பையன்கள் ஜொகூர் பாரு போனார்கள். அத்தை விடவில்லை, நடுவரை வாசல்வரை துரத்திக்கொண்டு போய்க் கேட்டார். "எரிஞ்சிச்சில்ல டீச்சர்? நீங்களே பாத்தீங்கல்ல?"

"வெளக்கு சரியாத்தான் சொல்லிச்சு. பிள்ளைதான் தப்பா சொல்லிருச்சு," என்றார் அவர். எது தப்பு என்று சொல்லவில்லை. அத்தை வீட்டுக்கு வந்ததும் இரண்டாமிடச் சான்றிதழை லெமினேட் செய்தார். நான் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் பதிலில் என்ன தப்பு?

இப்போது பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் விரிவுரையாளர் திரையில் தேன்கூடு மாதிரி ஒரு வலை காட்டினார், பென்சில் கறுப்பின் ஓர் அடுக்கு. ஒவ்வொரு கார்பன் அணுவிடமும் கைகோக்க நான்கு எலக்ட்ரான்கள் உண்டு. மூன்று, பக்கத்து மூன்று அணுக்களைப் பிடித்துக்கொள்கின்றன. நான்காவது எந்த அணுவோடும் தங்குவதில்லை, வலை முழுவதும் அதற்கு வீடுதான். பிளாஸ்டிக்கில் எல்லாம் இடத்தோடு பிடிபட்டுக் கிடக்கின்றன, ஒன்றும் நகராது. பென்சில் கோட்டிலோ எண்ணமுடியாதவை முன்பே உலாவிக்கொண்டிருக்கின்றன. பேட்டரி அவற்றைத் தள்ளியது, அவ்வளவுதான். அந்தச் சிவப்புப் புள்ளியை முதலில் ஏற்றியவை பேட்டரியிலிருந்து வந்தவையே அல்ல. ஏற்கெனவே பல்பின் வாசலில் நின்றவை.

விரிவுரைக் கூடத்தில் நான் சத்தமாக "அய்யோ!" என்றேன். நான் ஒன்றுமில்லை என்று சொன்ன கோடு நிரம்பி வழிந்திருந்தது.

வரும் சனிக்கிழமை அதே பள்ளிக்குப் போகிறேன், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்து காட்டச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எலக்ட்ரான் என்ற சொல்லை எடுக்கப் போவதில்லை. முப்பது பந்துகள் வாங்கியாகிவிட்டது. முப்பது பேரை மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பந்து மடியில் வைத்துக்கொள்ளக் கொடுப்பேன். என் கையில் இன்னொன்று. அதை முதல் பிள்ளையிடம் தள்ளினால், எல்லோரும் தங்கள் பந்தை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். அதே நொடியில் கடைசியில் ஒரு பந்து விழும், ஆனால் அது என்னுடையதாக இருக்காது. தர்ஷினியையும் அவள் தம்பிமார்களையும் வைத்து வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்தோம், இரண்டு பந்துகள் வாய்க்காலுக்குள் போயின. பரவாயில்லை, சனிக்கிழமை கதவைச் சாத்திவிடலாம்.

தள்ளுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: இந்த வரிசைக்குள் இப்போது என்ன இருக்கிறது? யாராவது ஒருவர் "ஒன்னும் இல்ல டீச்சர்" என்று பளிச்சென்று சொல்லத்தான் போகிறார். மடியைப் பார் என்பேன்.