கையெழுத்திடாத மாணவிக்கு ஒன்பது மதிப்பெண்

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்தே குறைத்து மதிப்பெண் போட்டேன். அதை நியாயமாகக் காட்டுவதற்காக, வகுப்புச் சுவரில் நானே ஒட்டிய விதிகளைக் கிழித்துவிட்டு வேறு விதிகளை ஒட்டினேன். அவள் கேட்டபோது, அவள்தான் தவறாக எழுதி வைத்திருக்கிறாள் என்று இருபத்தாறு பேர் முன்னால் சொன்னேன். எனக்கு இப்போது எழுபது வயது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை.

கேரளத்து இடுக்கியின் தமிழக எல்லைப்புறத்தில் ஒரு தமிழ்வழி மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்தினேன். பிளஸ் டூவில் சர்வதேச உறவுகள் எனக்குப் பிடித்த பகுதி. நூறு மதிப்பெண்ணில் இருபது ஆசிரியர் கையில் இருக்கும். அதைச் சி.இ. மார்க் என்போம். அந்த இருபதை எப்படிப் போடுவேன் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டிவிடுவது என் வழக்கம். தன் நாட்டின் நலனை அறிந்து பேசுதல், ஆதாரம் காட்டுதல், எதிர்த்தரப்பைக் கேட்டல், தெளிவாக எழுதுதல். ஒவ்வொன்றுக்கும் ஐந்து. ஒளிவுமறைவில்லாத வாத்தியார் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொள்வேன்.

அந்த ஆண்டு வகுப்பை இரண்டு கற்பனை நாடுகளாகப் பிரித்தேன். ஒரே ஆறு. மேலே அணை கட்டிய நாடு, கீழே வயல் வைத்திருக்கும் நாடு. கீழ்நாட்டின் சார்பில் கையெழுத்திடும் உரிமை சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு. பார்வையிட மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். வகுப்பு முடியும்போது உடன்படிக்கை கையெழுத்தாகிவிடும் என்று அவரிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தேன்.

மணி அடிக்கப் பத்து நிமிடம். மேல்நாட்டுத் தலைவனாக இருந்த பையன் தாளை நீட்டினான். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மிச்சம் இருந்தா தர்றோம்னு போட்டிருக்கீங்க. மிச்சம் இருந்தா நாய்க்கும்தான் போடுவாங்க. கோடையில எவ்வளவுன்னு எழுதுங்க."

"போடு தாயி கையெழுத்த," என்றான் அவன். "பெல் அடிக்கப் போகுது, சோறு ஆறிடும்."

"உங்க நாட்டுக்குப் பசிச்சா நீங்க போய்ச் சாப்பிடுங்க."

வகுப்பு சிரித்தது. நான் கண்ணால் சாடை காட்டினேன். அவள் பார்த்தாள், பார்த்தும் பேனாவை மூடி வைத்தாள். மணி அடித்தது. "அப்போ உடம்படி இல்லே, மாஷே?" என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தார். அவர் அதை விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டது.

என் விதிப்படி அவளுக்குப் பத்தொன்பது வரவேண்டும். சொல்லப்போனால் அந்த ஆண்டு பாடத்தைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அன்று மாலை பிள்ளைகள் போனபின் பழைய சார்ட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி, மறுநாள் காலை அவர்கள் வருவதற்குச் சற்று முன் ஒட்டினேன். 'உடன்படிக்கையை எட்டுதல்: பத்து'. மற்ற நான்குக்கும் சேர்த்துப் பத்து. அவளுக்கு முதல் பத்தில் சுழியம், அடுத்த பத்தில் ஒன்பது.

மதிப்பெண்களை அனுப்புமுன் அறிவிப்புப் பலகையில் போடவேண்டும். பார்த்துவிட்டு நோட்டோடு வந்தாள்.

"சார், சார்ட்டுல இப்படி இல்லியே. நாலுக்கும் அஞ்சஞ்சுன்னுதான் இருந்துச்சு. நான் எழுதி வச்சிருக்கேன்."

"நீ தப்பா எழுதியிருப்பே," என்றேன். வகுப்பைப் பார்த்து, "என்னப்பா, இதுதானே முதல்ல இருந்து இருந்தது?" என்று கேட்டேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் நோட்டை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மலைக்குக் கீழே, விடுதியுள்ள ஓர் அரசுக் கல்லூரிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். வெளியே தங்கிப் படிக்க வைக்கும் வசதி அந்த வீட்டில் இல்லை. அந்த இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் இல்லை. சேர்க்கைப் பட்டியல் வந்த அன்று நானே தேடிப் பார்த்தேன். கடைசி இடத்துக்கு ஆறு மதிப்பெண் குறைவாக நின்றிருந்தாள். நான் எடுத்தது பத்து.

மறுநாள் பிரின்சிபாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் சார் இருக்கு. எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். எழுதியே கொடுத்தேன். அதிகாரியையும் நேரில் பார்த்தேன். "லிஸ்ட் வந்நு போயில்லே மாஷே," என்றார். பட்டியல்தான் வந்து முடிந்துவிட்டதே என்று, இந்த முறை சிரிக்காமல். விசாரணை நடந்தது, மெமோ வந்தது, தண்டனையும் வந்தது. திருத்திய மதிப்பெண் பட்டியல் வந்து சேர்ந்தபோது கல்லூரிகள் திறந்து இரண்டு மாதமாகியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டில் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். தாயும் மகளும் கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளும் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்று செய்ததைச் சொன்னேன்.

"வாங்க சார்னு சொல்றதுக்கு வாய் வரல எனக்கு," என்றாள் தாய். "நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டு, கவனமாப் படிக்க மாட்டியாடின்னு இவளை அடிச்சுப் போட்டேன்."

பெண் தாளை வாங்கிப் பார்த்தாள். "மார்க்கு சரியாயிருச்சு சார். அடுத்த வருஷம் அப்ளிகேஷன் போட்டுக்குவேன். ஆனா நான் தப்பா எழுதிட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே, அதை யாரு சரி பண்றது?"

அந்த வகுப்பு அதற்குள் கலைந்து போயிருந்தது. பள்ளிப் பதிவேட்டிலிருந்து முகவரி எடுத்து இருபத்தாறு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். விதியை மாற்றியவன் நான், அவள் எழுதி வைத்திருந்ததுதான் சரி, நான் பொய் சொன்னேன் என்று. மூன்று பேர் மரியாதையாகப் பதில் போட்டார்கள். பெரிய மனசு சார் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைப் படிக்கவே கூசியது.

அடுத்த ஆண்டு அவளுக்கு அந்தக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. நான் கேள்விப்பட்டதோடு சரி. எனக்கு அவள் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அதன்பின் ஒரு நாள் போடிமெட்டில் பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அன்று தாளை நீட்டிய மேல்நாட்டுத் தலைவன்.

"ஏறுங்க சார், இறக்கி விடுறேன்."

கொஞ்ச தூரம் போனோம். நானே கேட்டேன், "கடிதாசி வந்துச்சா?"

"வந்துச்சு சார். ஆனா அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க சார்ட்ட மாத்துனது. புது சார்ட்டுல பசை கூடக் காயல. எல்லாரும்தான் பார்த்தோம்."

"அப்புறம் ஏன்டா ஒருத்தரும் சொல்லல?"

வளைவில் கியரை மாற்றிவிட்டுத்தான் பதில் சொன்னான். "எங்க இருபது மார்க்கும் உங்க கையிலதான சார் இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். எங்க யார் கூடயும் அவ பேசுறதில்ல."