கூட்டு லென்ஸும் கடைசி கேமராவும்

கூட்டு உடைமையாக உள்ள ஒரு பொருளின் பயன்பாட்டைப் பாதிக்கும் எந்தக் கொள்முதலுக்கும் மறு தரப்பின் இசைவை எழுத்தில் பெற வேண்டும். கடிதம் அனுப்பிய முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால், மறு தரப்புக்கு ஆட்சேபம் இல்லை என்று கருதப்படும்.

நான் வேலை பார்த்த கிடங்கு அலுவலகத்தில் இதுதான் நடைமுறை. பணிக்காலம் முழுவதும் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். அந்த இரண்டாவது வாக்கியத்தை எத்தனை கடிதங்களின் அடியில் சேர்க்கச் சொல்லியிருப்பேன் என்பது நினைவில்லை. உண்மையைச் சொன்னால், பதில் வராமல் இருப்பதைத்தான் நான் விரும்பினேன். பதில் வந்தால் அதற்கு ஒரு பதில் எழுத வேண்டும்.

கூட்டு உடைமை என்று இங்கே நான் சொல்வது ஒரு ஐநூறு மில்லிமீட்டர் லென்ஸை. தூரத்துப் பறவையையும் விலங்கையும் கிட்டத்தில் கொண்டுவரும் பெரிய லென்ஸ். ஓய்வு பெற்ற வருடம் நானும் என் நண்பரும் பாதிப்பாதி போட்டு வாங்கியது. அவர் அதே அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவு. நான் அனுப்பிய கோப்புகளில் சிவப்பு மையால் கேள்வி எழுதியே தலை நரைத்தவர். இருவரும் இன்று வரை ஒருவரையொருவர் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். புனேயில் நான் வானவடியில் இருக்கிறேன், அவர் சாங்வியில். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். லென்ஸ் ஒரு மாதம் என் வீட்டில், ஒரு மாதம் அவர் வீட்டில்.

ஆளுக்கொரு கேமரா பாடி உண்டு, இரண்டும் ஒரே கம்பெனி. லென்ஸ் ஒன்று. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அரை மணிக்கொரு முறை கை மாறும். லென்ஸ் இல்லாதவர் பைனாகுலரை வைத்துக்கொண்டு இடம் சொல்ல வேண்டும். “சார், பாறைக்கு இடது பக்கம், முள்ளுச் செடிக்குக் கீழ. அசையுது பாருங்க.” ஐநூறு மில்லிமீட்டருக்குள் கண்ணை வைத்திருப்பவனுக்கு உலகம் ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரியும். பக்கத்தில் ஒருவர் சொல்லாவிட்டால் பாதிக்கு மேல் தவறிப்போகும். நாங்கள் எடுத்த நல்ல படங்களில் எது அவருடையது, எது என்னுடையது என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜூன் முதல் வாரம், மழை இறங்கும் முன் கடைசியாகப் போனோம். சாஸ்வட் தாண்டிய புல்வெளி. லென்ஸ் என்னிடம். அரை மணி முடிந்தது.

“சார், டைம்.”

“ஒரு நிமிஷம் சார்.”

அந்த ஒரு நிமிஷத்தில் ஓநாய் ஒன்று மேட்டில் ஏறி வந்தது. பின்னால் இரண்டு குட்டிகள். ஐந்து வருடமாக நாங்கள் காத்திருந்த காட்சி. அவர் கையை நீட்டியபடி என் பக்கத்தில் நின்றார். நான் லென்ஸைக் கொடுக்கவில்லை. அவை மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைகிற வரை கொடுக்கவில்லை. அப்புறம் கழற்றி நீட்டினேன். அவர் வாங்கித் துடைத்து, பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“அவரோட குட்டிங்க நல்லா இருக்கா சார், படத்துல?” என்று மட்டும் வரும் வழியில் கேட்டார். ஓநாயைக்கூட ‘அவர்’ என்பார். நன்றாக இருந்தன. நான் படத்தை அவருக்கு அனுப்பவில்லை. அனுப்புவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் நாங்கள் போவதில்லை, லென்ஸும் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டது. அதனால் மூன்று மாதம் பேசாமலிருந்தது எனக்கு உறைக்கவில்லை. செப்டம்பரில் என் கேமரா பாடி நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் உதிரி பாகம் வருவதில்லை என்றார்கள். அன்று மாலை அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது.

கோபம் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

கேம்ப் பகுதியில் நாங்கள் எப்போதும் போகும் கடையில் இரண்டு பாடிகளைக் காட்டினார்கள். முதலாவது எங்கள் பழைய கம்பெனியுடையது, உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை. கூட்டு லென்ஸ் அதில் நேராக மாட்டும். கனமானது. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. இரண்டாவது வேறு கம்பெனி, கண்ணாடி இல்லாத புது வகை. எடை பாதி. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எங்கள் லென்ஸ் அதில் மாட்டாது.

“நடுவுல ஒரு ரிங் போட்டு மாட்டலாம் காகா,” என்றார் கடைக்காரர். மராட்டியர், என்னிடம் ஹிந்தியில்தான் பேசுவார்; காகா என்றால் சித்தப்பா. “ஆனா பறக்கிறதுல ஃபோகஸ் தடுமாறும். புதுசு எடுக்கிறதா இருந்தா அதுக்கு ஏத்த லென்ஸும் சேர்த்து எடுங்க. பழையது ஆக்ரி பீஸ். புனேல இது ஒண்ணுதான் பாக்கி. தீபாவளி கழிச்சு, நவம்பர் பத்து வரைக்கும் உங்களுக்காக வெச்சிருப்பேன். அப்புறம் நாசிக்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்.”

வீட்டுக்கு வந்து ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். எடை, வேகம், பேட்டரி, தூசி, ஈரம் என்று பத்தொன்பது வரிசை. மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் புதியது பதினாறில் வென்றது. பழையது வென்ற மூன்றில் ஒன்று, கூட்டு லென்ஸ் பொருந்தும் என்பது. அதற்கு எத்தனை மதிப்பெண் என்று ராத்திரி படுத்த பிறகும் மாற்றிக்கொண்டே இருந்தேன். அது டெண்டரில் நான் பிறரைப் பிடித்துக் கண்டித்த குற்றம்: முடிவை முதலில் எடுத்துவிட்டு மதிப்பெண்ணைப் பின்னால் போடுவது. என் சிக்கல், நான் எந்த முடிவை எடுத்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. புதியதை வாங்கினால் எனக்கென்று தனி லென்ஸ். அரை மணிக்கொரு முறை கையை நீட்ட யாரும் வேண்டாம். இடம் சொல்லவும் யாரும் வேண்டாம். அவர் கண்ணுக்கு அது எப்படித் தோன்றும் என்று யோசித்து, விளக்கைப் போட்டுப் பட்டியலை மறுபடி எடுத்தேன்.

ஆகவே அக்டோபர் பத்தாம் தேதி, புதிய வகையை வாங்க இசைவு கேட்டு, சாங்வி முகவரிக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். பொருள், பார்வை, பட்டியல் இணைப்பு எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரி வழக்கமான வரி: முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று கருதப்படும். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

நகலை என் மனைவி படித்தாள்.

“இது யாருக்கு? அவருக்கா?”

“ஆமா.”

“ஏங்க, அந்த மனுஷன் என்ன டெண்டரா போட்டாரு? சாங்விதானே, சந்திர மண்டலமா? ஒரு ரிக்‌ஷா பிடிச்சா போயிடலாம்.”

“போன் எடுக்க மாட்டேங்கிறார். கோபமா இருக்கார்.”

“கோபமா இருக்கிறவங்க போனை எடுத்துத்தான் திட்டுவாங்க. எடுக்காம இருந்தா வேற ஏதோ. போய்ப் பாருங்க.”

நான் போகவில்லை. கடிதம் நிலுவையில் இருக்கும்போது நேரில் போவது முறையல்ல என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்காரர் இரண்டு பாடிகளையும் ஏற்ற லென்ஸ்களோடு ஒரு காலை மட்டும் கொடுத்தனுப்பினார். கவடிக்குத் தனியாகப் போனேன். அங்கே ஆற்றில் நுரை மிதக்கும், நாற்றம் தாங்காது, பறவைக்கு மட்டும் குறைவிருக்காது. புதிய பாடியைக் கண்ணில் வைத்ததுமே ஒரு சின்னச் சதுரம் எங்கேயோ ஓடிப்போய் நின்றது. அங்கே ஒரு வாலாட்டி. நான் பார்ப்பதற்கு முன்னால் கேமரா பார்த்துவிட்டது. நெடுங்கால் உள்ளான், செம்பழுப்பு வாத்து எல்லாவற்றுக்கும் அப்படியே. ஒரு மணி நேரத்தில் நானூறு படம். எல்லாம் கூர்மை. பழையதை எடுத்துப் பார்த்தேன். கை வலித்தது. மீன்கொத்தி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டபின்தான் அது அங்கே இருந்ததே தெரிந்தது. பழக்கத்தில் “எங்க சார்?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் தலை தூக்கிப் பார்த்தாள்.

அங்கிருந்து கேமராக்களோடு நேராக சாங்விக்குப் போனேன்.

வீடு பூட்டியிருந்தது. காவலாளிக்கு என்னைத் தெரியும்.

“ஆஜோபா இல்ல,” என்றார். தாத்தாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். “ஆகஸ்ட்ல ஒரு நாள் காலைல படி இறங்கினார். இடது கால் இழுத்துச்சு. வாயும் கோணிச்சு. மக வந்து கார்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. இப்ப மக வீட்லதான், மகர்பட்டால. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஆஜோபா சொன்னாராம். நீங்க அவர்கிட்ட சொல்லாதீங்க, நான் சொன்னேன்னு.”

“தபால்?”

“மக சனிக்கிழமை வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போவாங்க. போன வாரம்கூட ஒரு பெரிய கவர் இருந்துச்சு.”

அந்தப் பெரிய கவர் என்னுடையது. வாய் கோணிப் படுத்திருக்கும் மனிதருக்குப் பத்தொன்பது வரிசைப் பட்டியலும் முப்பது நாள் கெடுவும் அனுப்பியிருக்கிறேன். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி தண்ணீர் கொடுத்தார். கடைக்காரரின் ரசீதுக்குப் பின்புறம் அவசரமாக ஒரு சீட்டு எழுதினேன். உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்கத்தான் பேனாவைத் திறந்தேன். ‘முந்தைய கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. பொருட்படுத்த வேண்டாம்’ என்று எழுதியிருந்தேன். கீழே என் போன் நம்பர். சீட்டைக் காவலாளியிடம் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேனா என்று ஆட்டோவில் ஏறிய பிறகுதான் சந்தேகம் வந்தது.

மறுநாள் மகர்பட்டாவுக்குப் போனேன். பெரிய குடியிருப்பு வளாகம் அது. வாசலில் ஃப்ளாட் நம்பர் கேட்டார்கள். தெரியாது. மகளின் கணவர் பெயர் கேட்டார்கள். அதுவும் தெரியாது, பத்து வருடத்துக்கு முன் அவர்கள் கல்யாணத்தில் சாப்பிட்டதுதான். உள்ளே இருப்பவர் போனில் சம்மதம் கொடுத்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள். அது சரியான நடைமுறைதான். நான் அங்கே இருந்தாலும் அதையேதான் வைத்திருப்பேன். அரை மணி நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நவம்பர் ஒன்பதோடு முப்பது நாள் முடிந்தது. பதில் இல்லை. விதிப்படி நான் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். போன் மணி அடிக்கும்போதெல்லாம் பதறினேன். அது கூரியராகவோ கேஸ் சிலிண்டராகவோ இருந்தது. கையும் காலும் வராமல் போனவர் இனி காட்டுக்கு வரப்போவதில்லை, நீ ஏன் கனத்த பழசைத் தூக்கி அலைய வேண்டும் என்று மனதின் ஒரு பக்கம் சொன்னது. அப்படிச் சொன்னது என் குரல்தான், கொள்முதல் பிரிவின் குரல். மறு பக்கமோ, ஜூன் மாதம் நீட்டியபடியே நின்ற கையைக் காட்டியது.

பத்தாம் தேதி கடைக்குப் போனேன்.

“எது காகா?”

“பழசு.”

“யோசிச்சுதானே சொல்றீங்க? திருப்பி எடுக்க முடியாது.”

“யோசிக்கல,” என்றேன். “கொடுங்க.”

வீட்டில் அதை உணவு மேஜையில் வைத்தேன். முன்பக்கம் மூடி போட்ட பாடி. மாட்ட வேண்டிய லென்ஸ் சாங்வியில் பூட்டிய வீட்டுக்குள். மனைவி சுற்றி வந்து பார்த்தாள்.

“இதுல எப்படிப் படம் எடுப்பீங்க?”

“எடுக்க முடியாது.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு, அதன் மேல் தூசி விழாமல் ஒரு துண்டைப் போட்டாள். நான்கு வாரம் அது அப்படியே இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் கண்ணில் படும். சீட்டு அவர் கைக்குப் போயிருக்குமா, போயிருந்தால் எந்த நிலையில் படித்திருப்பார், படிக்க முடிகிற நிலையில் இருக்கிறாரா என்று ஒவ்வொரு வேளையும் யோசித்தேன். காவலாளிக்கு இரண்டு முறை போன் செய்தேன். மகள் எடுத்துப் போனார்கள் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு கவர் வந்தது. எழுத்து மகளுடையதாக இருக்க வேண்டும், வட்டமாக, அழகாக இருந்தது. வாசகம் சந்தேகமில்லாமல் அவருடையது:

‘1. கடிதம் கிடைத்தது. இசைவு தர இயலாது. கூட்டு உடைமையிலிருந்து ஒரு தரப்பு மட்டும் விலக விதியில்லை.

2. பின்னர் வந்த சீட்டில் தேதியும் கையெழுத்தும் இல்லை. ஆகவே அது செல்லாது.

3. எனக்கு இடது கை தூக்க வரவில்லை. கேமரா இனி பிடிக்க முடியாது. பைனாகுலரை வலது கையால் பிடிக்கலாம். டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். லென்ஸை மகள் எடுத்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு, கீழே கண்ட முகவரிக்குக் கார் கொண்டுவரவும்.’

கையெழுத்து அவருடையது. கோட்டை விட்டு இறங்கி, தாளின் ஓரம் வரை போயிருந்தது. ஓநாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்புறமும் பார்த்தேன். அவர் மறந்துவிட்டாரா, மன்னித்துவிட்டாரா, நேரில் கேட்க வைத்திருக்கிறாரா என்பது தெரியாமல், கவரின் மூலையில் உள்வரவு தேதியைக் குறித்தேன்: டிசம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.