வெந்நீர் அண்ணன் வீட்டு அழுக்குப் பஞ்சு

மாடி அறைக்கு ஒரு தம்பி குடிவந்த முதல் நாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பட்டச் சான்றிதழ் வைத்த ஃபைல். படியேறப் போனால், கீழ்வீட்டு வாசலில் ஒருவர் அடுப்பைப் பற்றவைத்து, அலுமினியப் பாத்திரம் நிறையக் கூழாங்கற்களை வேகவைத்துக்கொண்டிருந்தார். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் கற்கள் கடகடவென்று உருண்டன.

“என்ன அண்ணே, கல்லை வேகவைக்கிறீங்க?” என்று தம்பி கேட்டான்.

“மீனுக்குத் தம்பி. தொட்டியில போடணும்.”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “நல்லா வேகட்டுங்க. கல்லு இன்னும் பதமா வரல!”

அப்படித்தான் வெந்நீர் அண்ணனும் அவர் மனைவியான அக்காவும் அறிமுகமானார்கள். முதலில் முகம், பிறகு குரல்.

வெந்நீர் என்பது ஆஸ்பத்திரியில் நர்சுகள் வைத்த பெயர். அறுவை சிகிச்சைக்கான கத்தரி, இடுக்கி, தட்டு எல்லாம் ரத்தமும் சதையுமாக அவர் அறைக்கு வரும். கழுவி, கொதியாவியில் வைத்து, துணியில் பொதிந்து அனுப்புவார். பத்தொன்பது வருட வேலை. “என் கையால போன கத்தரி பட்டு ஒருத்தருக்கும் புண்ணு சீழ் பிடிச்சதில்ல” என்பது அவர் எங்கே போனாலும் சொல்கிற ஒரே பெருமை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கரண்டிக்கு வெந்நீர், சீப்புக்கு வெந்நீர், செருப்புக்குக்கூட வெந்நீர்.

“நல்லவேளை, கல்யாணத்தன்னைக்கு என்னை முக்கி எடுக்கல” என்பார் அக்கா.

அக்கா பஸ் கண்டக்டர். பதினோரு வருடம் தலை எண்ணிப் பழகிய கண். நாலு பேர் ஓரிடத்தில் நின்றால் எண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த வருடம் அவர் பஸ் ஏறவில்லை. ஏற்கெனவே இரண்டு கர்ப்பம் பாதியிலேயே கலைந்து போயிருந்தன. மூன்றாவது ஐந்தாம் மாதத்தைத் தொட்டதும், பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளெல்லாம் நூறு பேரோடு வாயாடிய மனுஷி, உத்தரத்தில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் அண்ணன் வேலை முடிந்து வந்தபோது, “அந்த மூணு றெக்கையையும் இன்னைக்கு எத்தனை தடவை எண்ணினேன் தெரியுமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அழுதார்.

மறுநாளே அண்ணன் மீன் தொட்டி வாங்கிவிட்டார். கட்டிலின் கால்மாட்டில், இரும்புப் பெட்டியின் மேல் வைத்தார். விரல் நகத்தைவிடச் சற்றே நீளமான நியான் மீன்கள். நீலக்கோடு, அதன் கீழே சிவப்புக்கோடு. கூட்டமாகவே திரியும், தனியாக விட்டால் மிரண்டுவிடும் என்று கடைக்கார அம்மா சொன்னதால் பன்னிரண்டு வாங்கினார். ஒன்று திரும்பினால் பன்னிரண்டும் திரும்பின.

“பன்னண்டு டிக்கெட்” என்றார் அக்கா. பல நாள் கழித்து அவர் முகத்தில் சிரிப்பு. “பாருங்க, ஒருத்தர் எழுந்தா எல்லாரும் எழுந்திரிக்கிறாங்க. நம்ம ஜனங்க மாதிரியேதான்.”

அந்தச் சிரிப்புக்காக அண்ணன் எதையும் செய்வார். தன்னால் முடிந்ததைச் செய்தார், சுத்தம் செய்தார். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன்களைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, கல்லை வேகவைத்தார். வடிகட்டியில் இருக்கும் பஞ்சை வெந்நீரில் முக்கிப் பிழிந்தார். கண்ணாடி பளபளத்தது. தண்ணீர் இருப்பதே தெரியாது.

முதல் வாரம் ஒரு மீன் செத்தது. அண்ணன் இன்னும் நன்றாகச் சுத்தம் செய்தார். இரண்டாம் வாரம் மூன்று செத்தன. வாரத்துக்கு இரண்டு முறை சுத்தம் செய்தார். மிச்சமிருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சிவப்புக்கோடு வெளுத்துப் போனது.

“பன்னண்டு பேர் ஏறினாங்க. நாலு பேர் ஸ்டாப் வராமலே இறங்கிட்டாங்க” என்றார் அக்கா. வேடிக்கையாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது கை வயிற்றின் மேல் போய் நின்றது.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். இனி ஒரு மீன் செத்தால் இவள் தாங்க மாட்டாள் என்று அவருக்குப் பட்டது.

மூன்றாம் வாரம், அக்கா கண்விழிப்பதற்குள் இரண்டு மீன்கள் கல்லின் மேல் சாய்ந்து கிடந்தன. அவர் ஓசைப்படாமல் எடுத்துப் போட்டார். “எட்டும் வடிகட்டிக்குப் பின்னால தூங்குதுங்க” என்று சொல்லிச் சமாளித்தார். மத்தியானம் அக்கா கண்ணயர்ந்த நேரத்தில் இரண்டு புது மீன்களை வாங்கிவந்து உள்ளே விட்டார். எட்டுக்கு எட்டு, கணக்கு சரி.

அக்கா விழித்ததும் தொட்டியைப் பார்த்தார்.

“இந்த ரெண்டு பேரும் டிக்கெட் எடுக்காம ஏறியிருக்காங்களே.”

“எந்த ரெண்டு பேர்?”

“ஏங்க, ஐம்பது பேர் நிக்கிற பஸ்ஸுல புது முகம் எதுன்னு எனக்குத் தெரியும். அந்த ரெண்டும் பொடிசு. கூட்டத்தோட சேராம ஓரமா நிக்குது. உண்மையைச் சொல்லுங்க, எத்தனை போச்சு?”

“ரெண்டு” என்றார் அண்ணன்.

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “போன தடவையும் இப்படித்தான் செஞ்சீங்க” என்றார் மெதுவாக. “ஸ்கேன் எடுத்தவங்க உங்ககிட்ட சொல்லிட்டாங்க. நீங்க என்கிட்ட வந்து எல்லாம் நல்லாருக்குன்னீங்க. அன்னைக்கு மத்தியானம் பூரா நான் குழந்தைக்குப் பேர் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டினீங்க.”

அண்ணன் ஓரமாக நின்ற அந்த இரண்டு பொடிசுகளையே பார்த்தார்.

“மீன் செத்தா அழுவேன், அழுதுட்டு எழுந்திருச்சிடுவேன். ஆனா இந்தத் தடவையும் நீங்க எதையோ மறைக்கிறீங்களோன்னு உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டுக் கிடக்க என்னால முடியாது. மீனைக் காப்பாத்த முடிஞ்சா காப்பாத்துங்க. இல்லன்னா தொட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க.”

அண்ணன் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். படியிறங்கிவந்த மாடித் தம்பியையும், “பட்டம் வாங்கின ஆளு, நீயும் வாப்பா” என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

கடைக்கார அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “கொதிக்க வெச்சதா?”

“ஆமா. பஞ்சையும் கல்லையும்கூட. ஒரு பொட்டு அழுக்கு இருக்காது.”

“அதான் சாகுது” என்றார் அந்த அம்மா. “மீனு சாப்பிடுது, கழிக்குது. அந்தக் கழிவுதான் தண்ணியில விஷமாகுது. அதைத் தின்னு தீர்க்கிறதுக்குன்னே ஒரு கிருமி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கல்லுலயும் பஞ்சுலயும்தான் குடியிருக்கும். அது வந்து சேரவே ஒரு மாசம் ஆகும். தொட்டியைக் கொஞ்ச நாள் சும்மா ஓடவிட்டு அப்புறம் மீன் போடுங்கன்னு வாங்கும்போதே சொன்னேனா இல்லையா? எங்க வீட்டுல சுத்தத்துக்குக் குறைச்சலே இல்லன்னீங்க. வாராவாரம் அந்தக் கிருமியைப் புடிச்சு அவிச்சிருக்கீங்க அண்ணே.”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். “தம்பி, நீ சொல்லு. கிருமியில நல்லது உண்டா?”

“நான் படிச்சது கணக்கு, அண்ணே.”

“சரியாப் போச்சு!” என்றார் அண்ணன்.

கடைக்கார அம்மா உள்ளே போய், மூன்று வருடமாக ஓடுகிற பெரிய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துவந்தார். கறுப்பும் பழுப்புமாக வழவழத்தது. அதே தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டினார். “காயக் கூடாது. உங்க வடிகட்டியில இதையும் சேர்த்து வைங்க. ஒரு மாசத்துக்குத் தொட்டியைக் கழுவாதீங்க. வாரம் ரெண்டு தடவை கால்வாசித் தண்ணி மாத்துங்க, ஒருநாள் பிடிச்சுவெச்ச தண்ணி போதும். தீனி ஒரு சிட்டிகை. இந்தப் பஞ்சுக்கு மட்டும் வெந்நீர் காட்டினீங்கன்னு தெரிஞ்சா, அப்புறம் என் கடைப்பக்கமே வராதீங்க.”

எவ்வளவு என்று கேட்டதற்கு, “அழுக்கை எவனாவது விப்பானா?” என்று கையை வீசிவிட்டார்.

தொட்டிக்கு முன்னால் வந்து நின்ற அண்ணனுக்குக் கை வரவில்லை. பத்தொன்பது வருடமாகக் கிருமியைக் கொன்ற கை. பஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

“என்னங்க அது, கழிவா?” என்றார் அக்கா கட்டிலிலிருந்து.

“கிருமி.”

“நீங்களா கொண்டுவந்தீங்க?”

“நானேதான்.”

அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, டாக்டர் திட்டுவாங்க” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அண்ணன் பஞ்சை உள்ளே வைத்தார். தண்ணீர் கலங்கியது.

மூன்றாம் நாள் காலை ஒரு மீன் செத்துக் கிடந்தது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அதை எடுக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் கண் திறந்ததும், “ஒண்ணு போயிடுச்சு” என்றார்.

அக்கா தொட்டியைப் பார்த்தார். கொஞ்சம் அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஏழு” என்றார். பிறகு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அண்ணனுக்குப் பெரும்பாடு. கண்ணாடியில் பச்சையாக ஏதோ படிந்தது. கல்லில் வழவழப்பு ஏறியது. அவர் கை தானாகத் தொட்டிப்பக்கம் போகும். “கையை உள்ள இழுங்க, வண்டி ஓடுது!” என்று அக்கா அதட்டுவார். கைகளை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் தானாகத் தெளிந்தது. மேலே வந்து மூச்சுக்குத் தவித்த மீன்கள் நடுத்தண்ணீருக்கு இறங்கின. வெளுத்த சிவப்புக்கோடு திரும்ப ஏறியது. பொடிசுகளும் ஒருவழியாகக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டன. ஏழு ஏழாகவே நின்றது.

குழந்தை ஐந்து வாரம் முன்னதாகவே பிறந்தது, அண்ணன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே. தொப்புள்கொடி வெட்டிய கத்தரி அன்று காலை அவர் பொதிந்து அனுப்பியது. டாக்டர் வெளியே வந்து அவரிடம் பேசினார். கேட்டு முடித்ததும் அண்ணன் நேராக அக்காவின் கட்டிலுக்குப் போனார்.

“பொண்ணு. எடை குறைச்சல். கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. மூச்சு தானா விடுறா. ரெண்டு மூணு நாள் போனாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்னாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஒண்ணையும் மறைக்கல.”

அக்கா அவர் முகத்தில் எதையும் தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். “சரி. மீனு?”

“ஏழு.”

“அப்ப எட்டு” என்றார் அக்கா.

பதினோராம் நாள் குழந்தையோடு வீட்டுக்கு வந்தார்கள். வந்த வாரமே அண்ணன் கடைக்கார அம்மாவைக் கூட்டிவந்து, முதலில் தொட்டியைக் காட்டினார், பிறகு குழந்தையை. நன்றி சொல்ல வாயெடுத்தார். “எனக்கு எதுக்கு? அந்தப் பஞ்சுக்குச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மா. அண்ணன் நிஜமாகவே தொட்டிப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

இப்போது மகளுக்கு இரண்டரை வயது. அக்கா பழையபடி பஸ்ஸில் போகிறார். அண்ணன் அதே அறையில்தான் கத்தரிகளைக் கொதியாவியில் வைக்கிறார். தொட்டியில் பதினான்கு மீன்கள் இருக்கின்றன. தெரிந்தவர் யாராவது புதிதாகத் தொட்டி வாங்கினால், தன் வடிகட்டிப் பஞ்சில் பாதியை வெட்டி, அதே தண்ணீரோடு பையில் கட்டி, அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்.