எழுபது கிலோ ஆள்

பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய பயிற்சிச் சாமான்களை வாங்கிச் செப்பனிட்டு, பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு விற்கிற தொழிலில் ஒரே ஒரு நிம்மதி, நம் கைக்கு வரும் எதுவும் நிஜச் சண்டையைப் பார்த்ததில்லை, எல்லாம் ஒத்திகைக்கு மட்டும். அதை நம்பித்தான் சோபா உறை தைத்துக்கொண்டிருந்த நான் ஜாலான் புசார் தெருவில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்தேன். கான்வாஸ், ரப்பர், தோல் எதுவானாலும் கிழிசல் தெரியாமல் தைத்துவிடுவேன். பழைய சாமான் பைத்தியம் பிடித்தவரோடு, அல்லது பிடித்தவராகவே, காலம் தள்ளும் உங்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் என் கணவர் மாதிரி தலையில் அடித்துக்கொள்ளலாம்.

வெங்காய வாடை

ஒரு முறை ஆறு ரப்பர் முகமூடிகள் வந்தன. கண்ணீர்ப்புகை அறைக்குள் போய்ப் பழகும்போது மாட்டிக்கொள்வது. வடிகட்டியைக் கழற்றி எறிந்து, வெந்நீரில் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, இரண்டு வாரம் நிழலில் காயவைத்தேன். மோந்து பார்த்தால் சோப்பு வாசனையைத் தவிர ஒன்றுமில்லை.

தனபாலன் சார் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். என்னிடம் அதிகம் வாங்குகிறவர், எதையும் லேசில் குறை சொல்லமாட்டார். ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர் சட்டென்று கழற்றினார். “நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மீனா. ஆனா உள்ள ஒருத்தன் இப்பதான் வெங்காயம் தின்னுட்டு மூச்சு விட்டிருக்கான்” என்றார்.

சக்கர நாற்காலிப் பயணம்

பிறகுதான் அந்த மீட்புப் பொம்மை வந்தது. அடிபட்டவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடப் பழகுவதற்காகச் செய்தது. ஆள் உயரம், கான்வாஸ் தோல், உள்ளே மணல் மூட்டைகள். மூஞ்சி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தையல். மார்பில் ‘70 கிலோ’ என்று அச்சு. லாரிக்காரர் தாமதமாக வந்ததால் பட்டறை மாடிக்கு ஏற்ற ஆளில்லாமல், ஒரு ராத்திரிக்கு மட்டும் சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டியதாயிற்று. சக்கர நாற்காலி ஒன்றைக் கடன் வாங்கி, அதில் உட்காரவைத்து, பிள்ளைகள் பயப்படக்கூடாதே என்று தொப்பி போட்டுப் போர்வையும் போர்த்தினேன்.

லிஃப்டில் பக்கத்து வீட்டு லட்சுமியும் ஏறினாள். மருத்துவமனையில் தாதி. போர்வையைப் பார்ப்பதும் மாடி எண்ணைப் பார்ப்பதுமாக வந்தவள், கதவு திறந்ததும் என் தோளைத் தொட்டுச் சொன்னாள்: “அக்கா, தப்பா நினைக்காதீங்க. இவரு போயி ரொம்ப நேரமாச்சு.”

தராசு

மறுநாள் பட்டறையில் பொம்மையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். எழுபத்து மூன்று காட்டியது. செப்பனிடுவதென்றால் மார்பில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது என் கொள்கை. விலாத் தையலைப் பிரித்து மூன்று கிலோ மணலைப் பக்கெட்டில் கொட்டிவிட்டுத் தைத்தேன். எழுபது. அடுத்த வாரம் நிறுத்தால் மறுபடியும் எழுபத்து மூன்று. பக்கெட்டில் மணல் அப்படியே இருந்தது. இன்னொரு முறை எடுத்தேன். அதே கதைதான்.

கீழே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் காதர் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மழை நேரம்லா, மணல் தண்ணி குடிக்கும்” என்றார். விலாவை அழுத்திப் பார்த்தவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “ஆனா காஞ்சுதான் இருக்கு. நீங்க இனிமே கதவத் தொறந்து வச்சுட்டே வேலை பாருங்க.”

தேக்காவிலிருந்து வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் கதவைத் தட்டினார். சரவணன், புதுக்கோட்டைப் பக்கம், கப்பல் கட்டும் தளத்தில் வேலை. தேக்கா சந்தைக்குச் சாமான் வாங்க வந்தவர், மாடிச் சன்னலோரம் சாய்த்திருந்த பொம்மையைத் தெருவிலிருந்து பார்த்திருக்கிறார். ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். தோளில் போட்டு இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டார். “எழுபத்து மூணு” என்றார். தராசை நான் உள்ளறையில் வைத்திருந்தேன். எழுபதுதான் தம்பி, எழுதியிருக்கிறதே என்றேன்.

பொம்மையை இறக்காமலே சொன்னார். மூன்று மாதத்துக்கு முன், விடுதியின் நாலாவது மாடியில் அறைத் தோழன் பாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, காத்திருக்கப் பொறுக்காமல் இவரே தூக்கியிருக்கிறார். ஒரு மாடிக்கு மேல் இறங்க முடியவில்லை. படித் திருப்பத்தில் கிடத்தினார், அங்கேயே உயிர் போய்விட்டது. “கீழ இறக்கியிருந்தாலும் பொழச்சிருக்க மாட்டான்னு டாக்டர் சொன்னாருக்கா. சரியாத்தான் இருக்கும். ஆனா நான் அவனப் பாதி வழியில வச்சுட்டேன். கம்பெனி மெடிக்கல் கார்டுல அவன் வெயிட் எழுபத்து மூணு.”

இருபத்திரண்டு படி

என் பட்டறை மாடிப்படி இருபத்திரண்டு, செங்குத்து. பொம்மையைத் தோளில் போட்டுக் கீழே இறக்க ஐந்து ஞாயிறு வந்து முயன்றார். ஒரு வாரம் ஒன்பதாவது படி, ஒரு வாரம் பன்னிரண்டு. முடியாத இடத்தில் உட்கார்ந்து அழுவார். நானும் பாயும் கயிறு கட்டி மேலே இழுப்போம். மூன்று கிலோவைக் குறைத்துத் தரட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். அவரைவிட எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

ஆறாவது ஞாயிறு சாயங்காலம் தனபாலன் சார் பொம்மையை எடுத்துப்போக வருவதாக ஏற்பாடு. அவருடைய பதினாலாவது மாடி வீட்டு ஹாலில் நிற்கப்போகிறது. இன்றைக்குத்தான் கடைசி என்று சரவணனிடம் சொன்னேன். அவர் பொம்மையைத் தோளில் தூக்கினார். நான் எண்ணிக்கொண்டே பின்னால் இறங்கினேன். பதினைந்தில் அவர் ஒரு பக்கம் சாய்ந்து சுவரைப் பிடித்தார். தோளுக்குப் பின்னால் தொங்கிய தையல் மூஞ்சி என் பக்கம் இருந்தது. அந்தக் கான்வாஸ் கை அவர் சட்டையை இறுக்கிப் பிடித்த மாதிரி பட்டது. ஆட்டத்தில் அப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பதினெட்டு. இருபது. இருபத்திரண்டு. கடை வாசல் நடைபாதையில் கிடத்திவிட்டுக் குனிந்து, கழுத்தருகே இல்லாத சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

தனபாலன் சார் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். சரவணன் என் பக்கம் திரும்பி, “இவன மறுபடி மேல மட்டும் ஏத்திடாதீங்கக்கா” என்றார். சார் இருவரையும் பார்த்துவிட்டு வண்டியை மடக்கினார். பொம்மை இப்போது பாய் கடையில், குழாய்க் கட்டுகளுக்குப் பின்னால், தரையில் படுத்திருக்கிறது. நேற்று பாய் சொன்னார்: “அந்தப் பக்கம் தரையக் கூட்டுறப்ப, கால எடுப்பான்னு ஒரு நிமிஷம் நின்னுட்டேன்லா.”

இப்போதெல்லாம் சாமான் கேட்டு யார் வந்தாலும் உங்கள் வீடு எத்தனாவது மாடி என்றுதான் முதலில் கேட்கிறேன், அடுக்குமாடி ஊரில் அப்படிக் கேட்டால் எந்த வியாபாரமும் உருப்படாது என்று என் கணவர் சொல்வதும் சரிதான்.