அந்த மொனிட்டரில் மட்டும் தெரிந்த காது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதையை யாராவது தொடங்கினால் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஜின் இருக்கிறது என்று குர்ஆனில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் எங்கள் ஊரில் கரண்ட் போனாலும் ஜின், கோழி காணாமல் போனாலும் ஜின் என்கிறார்களே, அதில் எனக்கு ஒரு சதத்துக்கும் நம்பிக்கை கிடையாது. மவுத்தானவர்கள், செத்துப்போனவர்கள், திரும்பி வருவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நான் கல்முனைக்குடியில் இருக்கிறேன். கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துப் படம் எடுப்பது என் தொழில். எடுப்பதும் நான், வீட்டில் இருந்து திருத்துவதும் நான், ஏனென்றால் கலியாணப் பொண்ணுடைய படத்தை ஒரு ஆம்பிளை உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்ப்பதை எங்கள் ஆட்கள் விரும்புவதில்லை. என் மேசையைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும், மொனிட்டர் சுவரைப் பார்த்து இருக்கும், கதவால் வருகிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும்.

இன்னொரு முறையும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. கலியாண வீட்டில் எல்லாப் பெண்களும் படத்துக்கு நிற்க மாட்டார்கள். விருப்பமில்லாதவர்கள் கெமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது எனக்கும் அவர்களுக்கும் உள்ள பேச்சில்லாத உடன்பாடு. முகம் திருப்பியவரை நான் படத்திலிருந்து அழித்துவிடுவேன், பக்கத்துச் சுவரை எடுத்து அவர் மேல் பூசி. ஆனால் படத்தின் மேலேயே பூச மாட்டேன், கண்ணாடித் தாள் மாதிரி மேலே ஒரு லேயர் போட்டு அதில் பூசுவேன், ஏனென்றால் நாளைக்கே அந்த மாமியோ மச்சியோ வந்து "நான் எங்ககா?" என்று சண்டை பிடிப்பார்கள். லேயரை மூடினால் ஆள் திரும்ப வந்துவிடுவார். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அப்படிப் படத்துக்குத் திரும்பி வராமல் போனதில்லை. இதை மனதில் வைத்திருங்கள்.

சரி, மொனிட்டர். என் பழைய ஃபுல் எச்டி மொனிட்டரில் நட்டநடுவே ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது, எந்தப் பொண்ணைத் திறந்தாலும் மூக்கில் கோடு. கல்முனை பஜாரில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிற நௌபர் காக்காவிடம் போனேன், அண்ணனைக் காக்கா என்பதுதான் எங்கள் வழக்கம். அவர் இரண்டைக் காட்டினார், இரண்டும் இருபத்தேழு அங்குலம், ஒன்று 2கே, மற்றது 4கே. போட்டோ வேலைக்கு 4கேதான், புள்ளிகள் இரண்டு மடங்குக்கு மேல் என்றார்.

"ஒரு மயிர் விடாம எண்ணலாம் தங்கச்சி."

"பொண்ணுட மயிர எண்ணி எனக்கென்ன காக்கா? என்ட லெப்டொப் இத இழுக்குமா?"

"இழுக்கும், கொஞ்சம் மூச்சு வாங்கும். ரெண்டையும் கொண்டு போங்க, ரெண்டு நாள் வச்சிப் பாருங்க, புடிச்சத வச்சிக்கிட்டு மத்தத் தாங்க."

இரண்டையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அப்போது என் கையில் இருந்த வேலை சிஃப்னாவின் கலியாண அல்பம். சாய்ந்தமருதுப் பிள்ளை. சுனாமியில் கடல் வந்த அன்று அவளுக்கு ஒன்றரை வயது. உம்மா போய்விட்டார், வீடும் போய்விட்டது, வீட்டோடு இருந்த படமெல்லாம் போய்விட்டது. உம்மாவின் தங்கச்சி, அதாவது சாச்சிதான் வளர்த்தார். சிஃப்னா தன் உம்மாவின் முகத்தை ஒரு படத்திலும் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒரு படமும் இல்லை, தேடாத சொந்தக்காரர் வீடும் இல்லை. கலியாணத்துக்கு முந்தின நாள், அக்கா என்கிற உரிமையில் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ராத்தா, அல்பத்துல முதலாம் பக்கத்த வெறுமையா விடுவீங்களா? உம்மாக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓம் என்றேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான். நட்டப் பகல், லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன், தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போகிறார், பேய்க்கதைக்கு ஏற்ற நேரமே இல்லை. இரண்டு மொனிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லெப்டொப்பில் கொழுவினேன். 4கேயில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிட்டது, அதைப் பெரிதாக்கிச் சரிசெய்யவே அரைமணி போனது, மவுஸும் இழுத்து இழுத்து ஓடியது. பிறகு சிஃப்னாவின் ஒரு படத்தைத் திறந்தேன். உம்மா வழி வந்த வளவுக் காணியில் அவளுக்குக் கட்டிக் கொடுத்த புது வீடு, வெளிர் பச்சைச் சுவர், பொன்நிற முக்காடு போட்டுக் கதிரையில் உட்கார்ந்து மருதாணிக் கையைக் குனிந்து பார்க்கிறாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றார்.

நீங்கள் நினைக்கிற மாதிரி எனக்கு ஒரு பயமும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. யாரிது குறுக்கால வந்து நிற்கிறது என்று. ஊதாச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தார், நழுவி ஒரு காது தெரிந்தது, முகம் கெமராவை விட்டுச் சாய்வாகக் கீழே திரும்பியிருந்தது. தலையும் தோளும்தான் தெரிந்தன, மிச்சம் பொண்ணுக்குப் பின்னால். மொனிட்டரைச் சோதிக்கத்தானே உட்கார்ந்தேன், அந்தக் காதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது காது, தோடு போடுகிற இடம் கிழிந்து நுனி இரண்டாகப் பிரிந்து இருந்தது, பிரிந்த ஓரத்தில் தோல் மினுங்குவதுகூடத் தெரிந்தது. அட, இதுதான் மொனிட்டர், நௌபர் காக்கா பொய் சொல்லவில்லை என்று நினைத்தேன். வல்லாஹி, அதைத்தான் நினைத்தேன்.

பிறகு கை பழக்கத்துக்குப் போனது. முகம் திருப்பியிருக்கிறார், விருப்பமில்லாத ஆள். லேயர் போட்டேன், பெரிய மெதுவான பிரஷ், பச்சைச் சுவரை எடுத்துத் தலையிலும் தோளிலும் பூசினேன், ஒரு நிமிட வேலை. முடித்த பிறகுதான் யோசித்தேன், அந்தக் காது 2கேயிலும் இப்படித் தெரிந்தால் நான் எதற்குக் கூடின விலை கொடுக்க வேண்டும்? படத்தை மற்ற மொனிட்டருக்கு இழுத்துப் போட்டு லேயரை மூடினேன்.

சுவர்தான் இருந்தது.

திறந்தேன், மூடினேன், திறந்தேன், மூடினேன். சுவர். சரி, 2கேயில் அவ்வளவு தெரியாதாக்கும் என்று ஒரு முட்டாள் நினைப்பு நினைத்தேன். ஒரு ஆள் முழுசாகத் தெரியாமல் போகிற ரெசலூஷன் உலகத்தில் உண்டா? படத்தை 4கேக்கே திருப்பி இழுத்தேன். அங்கேயும் சுவர். கேபிளைக் கழற்றிப் பூட்டினேன், லெப்டொப்பை நிறுத்திப் போட்டேன், கெமரா கார்டில் இருந்த மூலப் படத்தைத் திறந்தேன். சுவர், சுவர், சுவர். படத்தை நூறு வீதத்துக்குத் திறந்தால் எந்த மொனிட்டரிலும் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளிதான், 4கே சின்னதாகக் காட்டும், புதிதாக ஒன்றைக் கொண்டுவராது. இது எனக்குத் தெரியும், இதில்தான் நான் சோறு தின்கிறேன். அப்படியென்றால் நான் எதை அழித்தேன்? அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தப் படம் எடுக்கும்போது கூட்டம் தாங்காமல் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியிருந்தேன். அறையில் நானும் சிஃப்னாவும் மட்டும்.

தலை வேலை செய்யவில்லை. நௌபர் காக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"காக்கா, இந்த 4கேயில படத்துல இல்லாதது ஏதும் தெரியுமா?"

"என்ன தங்கச்சி, புள்ளி செத்திரிக்கா?"

"புள்ளி இல்ல. ஒரு பொம்புள."

அவர் கடைக்கு வெளியே வருவது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார், "தங்கச்சி, நீங்க சாப்பிட்டீங்களா?"

யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனால் என் வாய் சும்மா இருக்கிற வாயா? அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சிஃப்னாவும் சாச்சியும் படம் தெரிவுசெய்ய வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தேன், ஒரு இருபது படம் பேசாமல் காட்டினேன், பிறகு தாங்கவில்லை.

"சாச்சி, பொண்ண இருத்திப் படம் எடுக்கக்குள்ள பின்னால ஒராள் நிண்டாவே, ஊதாச் சேல, காது கிழிஞ்ச ஆள், அவ ஆரு?"

"காது கிழிஞ்ச ஆள் நம்மட குடும்பத்துல ஆரும் இல்லியேகா," என்று சொல்லிக்கொண்டே சாச்சி தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோனார். குடிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். "எந்தக் காது?"

"இடது காது. நுனி ரெண்டாப் பிரிஞ்சி."

சாச்சி என்னைப் பார்க்கவில்லை, சிஃப்னாவைப் பார்த்தார். "இவள்தான் இழுத்தவள்," என்றார். "பால் குடிக்கக்குள்ள தோட்டப் புடிச்சி ஒரு இழுவை. ரத்தம் கொட்டிச்சி. வா ராத்தா தைப்பம் எண்டு இவட உம்மாவக் கூப்பிட்டன், ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும் எண்டா. அதுக்குள்ள கடல் வந்திட்டு. இந்தப் புள்ள தன்னாலதான் எண்டு நினைச்சிரும் எண்டு நான் இத ஆருக்கும் சொன்னதே இல்ல. ஒனக்கு ஆருகா சொன்ன?"

எனக்கு யார் சொன்னது? நடந்ததைச் சொன்னேன், தாறுமாறாக, மொனிட்டரையும் கேபிளையும் சேர்த்து. சிஃப்னாவின் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

"எங்க ராத்தா? காட்டுங்க."

"அழிச்சிட்டன் புள்ள."

"என்னத்துக்கு அழிச்சீங்க?" கத்திவிட்டாள். அதுவரை அவள் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. "ஒரு படம்தானே ராத்தா! என்ட வாழ்க்கையில ஒரு படம்!"

"முகத்தத் திருப்பி இருந்தா. நம்மட முறை தெரியுந்தானே புள்ள, விருப்பமில்ல எண்டு நினைச்சன்."

"எந்தப் பக்கம் திருப்பி இருந்தா?"

"ஒன்ட பக்கம்."

"அப்ப ஒங்களுக்கு முகத்தத் திருப்பல்ல ராத்தா," என்றாள். "அவ என்னப் பாத்திரிக்கா."

என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதில்லை. அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன், அவள் இழுத்துக்கொண்டாள். சாச்சி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். சிஃப்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "நீங்க அழிச்சதையாவது காட்டுங்க."

அழித்ததை எப்படிக் காட்டுவது? ஆனால் காட்டலாம். நான் பூசியது தனி லேயரில் இருக்கிறதே. கீழே உள்ள படத்தை மூடிவிட்டு லேயரை மட்டும் விட்டேன். படம் இல்லாத இடத்தைக் காட்டும் வெறும் சாம்பல் கட்டங்களுக்கு நடுவே, வெளிர் பச்சைச் சுவர்த் துண்டுகளால் ஒரு பெண் நின்றார். தலை, கழுத்து, ஒரு பக்கம் சரிந்த தோள். முகம் இல்லை, கண் இல்லை, நான் எங்கெங்கே பூசினேனோ அந்த வடிவம் மட்டும். சிஃப்னா எழுந்து மொனிட்டருக்குக் கிட்டப் போனாள்.

"ஓம்," என்றார் சாச்சி. "இடுப்புல புள்ளய வச்சி வச்சி, இல்லாத நேரமும் இப்படிச் சரிஞ்சிதான் நிப்பா."

அந்த வடிவத்தைத்தான் அல்பத்தின் முதலாம் பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தேன், அவள்தான் கேட்டாள். காசு வாங்கவில்லை. பள்ளிவாசல் மௌலவியிடமும் கேட்டுப் பார்த்தேன், மவுத்தானவர் வரமாட்டார், அவருக்காக துஆ செய் என்றார், அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. 4கேயை நௌபர் காக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு 2கேயை வைத்துக்கொண்டேன். யாராவது காரணம் கேட்டால், லெப்டொப் இழுக்கவில்லை என்று சொல்வேன். அதுவும் பொய்யில்லை. முகம் திருப்பிய யாரையும் இப்போது நான் கேட்காமல் அழிப்பதில்லை.

ஒன்றை மட்டும் நான் சிஃப்னாவுக்குச் சொல்லவில்லை. அன்று அந்த லேயரில் தோளிலிருந்து ஒரு கை கீழே இறங்கியிருந்தது. அவளும் சாச்சியும் அதைப் பார்த்து அழுதார்கள், நான்தான் கையையும் அழித்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள். படத்தில் நான் கையைக் காணவே இல்லை. தலையிலும் தோளிலும்தான் பூசினேன், சுவரைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை. அந்தக் கை பச்சையாக இல்லை, பொண்ணின் முக்காட்டுப் பொன்நிறத்தில் இருந்தது. மூலப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால், அது முக்காட்டின் ஓரத்தில், நழுவாமல் பிடிக்கிற இடத்தில் சரியாகப் போய்ப் பொருந்துகிறது. ஐந்து விரல், நகத்தோடு, ஓரம் வெட்டினால்போல் கூர்மையாக. என் பிரஷ் பெரியது, ஓரம் கரைகிற பிரஷ். அதால் ஒரு விரலைக்கூட வரைய முடியாது. எத்தனையோ தரம் முயன்று பார்த்துவிட்டேன்.