நொச்சிக்குப்பத்தில் சைரன்

நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் மீன் வாங்க நிற்கிறேன். பதினோரு மணி வெயிலில் கடலும் வானமும் ஒரே வெண்புகையாகக் கலந்துவிட, படகுகள் அந்தரத்தில் மிதப்பதுபோலத் தெரிகின்றன. மீன்கார அம்மா பலகைக்குப் பின்னால் குட்டை ஸ்டூலில் வெறுங்காலோடு உட்கார்ந்து, எனக்கான சங்கரா மீனைச் செதில் சுரண்டுகிறார். அவருடைய செருப்பு சாலையைப் பார்த்தபடி பக்கத்தில் கிடக்கிறது.

திடீரென்று, கரையோரக் கம்பம் ஒன்றின் உச்சியிலிருந்து சுனாமி சைரன் எழும்புகிறது. கனவுக்குள் யாரோ நீளமாகக் கூப்பிடுவதுபோல ஏறி இறங்குகிறது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறேன். வேறு யாரும் அசையவில்லை.

“இன்னா சார், பயந்துட்டியா? டெஸ்ட்டுதான். காலைலயே மைக்ல சொல்லிட்டுப் போனாங்கோ.”

“நிஜமாவே கடல் வந்தா எப்படிம்மா ஊதும்?”

“அப்பவும் இப்டித்தான் ஊதும்.”

அவர் கை நிற்கவில்லை. செதில்கள் மினுங்கித் தெறிக்கின்றன. வெட்கத்தில் தலை குனிகிறேன். பலகைக்குக் கீழே அவர் கால்கள் செருப்பை மாட்டியிருக்கின்றன. அடுத்த கடை அம்மாவும் மாட்டியிருக்கிறார். அதற்கடுத்த கடையிலும் அப்படித்தான்.

சைரன் மெல்ல அடங்குகிறது. கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றுகிறார்கள்.