பலகையில் மீதி ஒரு வரி

சுண்ணாம்புத் தூள் தடவிய நூலை இரு நுனியிலும் இழுத்துக் கட்டி, நடுவில் கிள்ளி விட்டன ரோகிமாவின் விரல்கள். தகரத்தில் நேராக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. உடனே ஈரத் துணியால் அதைத் துடைத்தன. காலையிலிருந்து இது நான்காவது முறை.

"ஊ ரோகிமா, கோடு நேராத்தானே இருந்துச்சு?" என்றார் வாசலில் நின்ற வட்ட அலுவலகக் குமாஸ்தா சங்துவாமா. மூத்தவரை 'ஊ' என்று கூப்பிடாமல் அவருக்குத் திட்டக்கூட வராது.

"உன் கண்ணுக்கு நேர். என் கண்ணுக்கு ஒரு நூல் சாய்வு."

அந்த எல்லைக் கிராமத்தில் பெயர்ப்பலகை எழுத ரோகிமா ஒருவர்தான். தேவாலயப் பலகை, கல்லறைக் கல், ஜீப்பின் முதுகு எல்லாம் அவர் கைவேலைதான். அக்கரையில், பர்மாவில், பட்டாளம் தன் ஜனங்களையே சுடத் தொடங்கியதிலிருந்து சனம் பாலம் ஏறி வந்துகொண்டிருந்தது. டெல்லி 'விடாதே' என்றது. மாநிலத் தலைநகர் ஐஸ்வால் 'நம்ம சொந்தக்காரங்க' என்றது. கிராமம் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு உலைக்கும் தேவாலயச் சபைக்கென்று எடுத்து வைக்கும் ஒரு பிடி அரிசியை, வந்தவர்களுக்கும் சேர்த்து இரண்டு பிடியாக்கிக்கொண்டது.

இப்போது ஓர் உத்தரவு. 'அனுமதியின்றிக் கடக்கக் கூடாது' என்று மிசோ, இந்தி, ஆங்கிலம், பர்மியம் நான்கிலும் பலகை வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேலதிகாரி வருவார். பலகை மாட்டியதும் பாலத்து வாயிலுக்குப் பூட்டு.

எல்லையான ஆறு மழையில் கரைபுரண்டு ஓடியது. பாலத்தை விட்டால் வழியில்லை. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட ரோகிமாவின் தங்கை பியாக்சுங்கி, அங்கே பள்ளிக்கூட டீச்சர், காட்டு வழியே நடந்து வருவதாகத் திங்களன்று தகவல் வந்தது. என்றைக்கு வந்து சேருவாள் என்று தகவலில் இல்லை.

நாற்பது வருடத்தில் ஒரு வேலையையும் தாமதமாகக் கொடுக்காதவர், முதல்முறையாகச் சோம்பேறியாக இருக்க முயன்றார். சுலபமாக இல்லை, கை தன்னால் ஓடியது. புதன்கிழமைக்குள் மூன்று மொழி முடிந்துவிட்டது.

"பர்மா எழுத்து எனக்குத் தெரியாதேப்பா," என்றார் நிம்மதியாக.

"அதுக்கென்ன, அக்கரை ஆளுங்களக் கூட்டிட்டு வரேன்."

"எங்க தேடப்போற? உன் வீட்டுலயே ஏழு பேர் தூங்குறாங்களே."

"மெதுவாப் பேசுங்க, ஊ! நான் அரசாங்க ஊழியன்."

ஏழு பேரும் வந்தார்கள். முதல் ஆள் எழுதிய பர்மா எழுத்தின் வட்டமெல்லாம் முட்டையாக இருக்கிறது என்று ரோகிமா துடைத்தார். இரண்டாமவர் கண்ணாடியை அக்கரையிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார். மூக்கின் மேல் அது உட்கார்ந்திருந்தது. கல்லூரி வரை படித்த பெண்ணுக்குத் திடீரென்று கை நடுங்கியது.

"எல்லாரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?" சங்துவாமா தலையில் கை வைத்தார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துலயிருந்து படிக்கிற மாதிரி எழுத்து தெளிவா இருக்கணும்னு உத்தரவுல இருக்கா, இல்லையா?" என்றார் ரோகிமா.

சங்துவாமா பிரித்துப் பார்த்தார். இருந்தது. "அப்ப யாருதான் எழுதணும்?"

"ஒருத்தி இருக்கா. நடந்து வரா."

குமாஸ்தா உத்தரவை மடித்துப் பையில் வைத்தார். "வெள்ளி நாலு மணி. அதுக்கு மேல என் வேலை போயிடும், ஊ."

"தெரியும்."

வெள்ளி மதியமும் தாண்டியது. ரோகிமா கழுவிய தூரிகையையே கழுவிக்கொண்டிருந்தார். சங்துவாமா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இரண்டரைக்கு, முழங்கால் வரை சேறும் முதுகுக் கூடையில் ஒரு கோழியுமாக வாசலில் வந்து நின்றாள் பியாக்சுங்கி.

"என்ன ஊ, இந்தி எழுத்தும் உன்ன மாதிரியே கூன் போட்டிருக்கு?"

ரோகிமா சாக்குக்கட்டியை நீட்டி, எழுத வேண்டியதைக் காட்டினார். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"தாண்டி வந்தவளே தாண்டாதேன்னு எழுதணுமா? பின்னால வர்றவங்க?"

"மழை விடட்டும், ஊ," என்றார் சங்துவாமா அவளிடம். "ஆத்துல முழங்கால் தண்ணிதான் இருக்கும். ஆத்துக்குப் போடற பூட்டு எங்க ஆபீஸ்ல இல்ல."

அவள் எழுத, அவர் பெயிண்ட் நிரப்பினார். ஆறடிப் பலகையை ஒற்றையாள் தூக்க முடியாது. முன்னால் அண்ணன், பின்னால் தங்கை. பாலத்து முனையில் மேலதிகாரியின் ஜீப் நின்றிருந்தது.

"கடைசி வரி ரொம்ப நேர்த்தி," என்றார் அதிகாரி. "யார் எழுதினது?"

"நம்ம ஊர் டீச்சர், சார்," என்றார் சங்துவாமா.

"ரொம்ப நாளா இருக்காங்களா?"

"இப்பத்தான் சார் சேர்ந்தாங்க."

"ஈரம் காயல, சார். ஓரத்துல பிடிங்க," என்று பியாக்சுங்கி பலகையை அவர் கையில் கொடுத்தாள்.